தொழில் என்ற இடத்தில்

மார்ச் 4

அன்புள்ள ராட்சசிக்கு,

நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். நேர்காணலில் என்ன காரியம் செய்துவிட்டு வந்தாய்? உன்னை இங்கே வரவழைக்கப் போட்ட மனைவி விசா விண்ணப்பத்தில் உன் தொழிலை 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தேன். நீ போய் "ஃப்ரிட்ஜ் மெக்கானிக்" என்று சொல்லியிருக்கிறாய். ஏன் இப்படி வேறுவேறாக இருக்கிறது என்று விசா ஆபீஸ் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் போகவேண்டும்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். "பதற்றத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், அப்பா கடையில் எப்போதாவது ஒத்தாசை செய்வேன்" என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். உடனே அனுப்பு. தோள்வலி தேவலையா? கனமானதைத் தூக்காதே.

அன்புடன்,
உன் கணவன்

மார்ச் 11

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

தோளுக்கு ஒன்றுமில்லை. நேற்றுகூட ஒரு கம்ப்ரசர் மாற்றினேன்.

பதற்றமா, எனக்கா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரியம்மா, "வீட்ல சும்மாதான் இருக்கீங்களா?" என்று கேட்டார். சுருக்கென்றது. "யாருங்க சொன்னா? சொந்தமா கடை வச்சிருக்கேன், ரெண்டு பேர் எங்கிட்ட வேலை பாக்கறாங்க" என்றேன். அவர் விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். கீழே உங்கள் கையெழுத்து. அங்கேயே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை.

எது அப்பா கடை? அவர் போன பிறகு பூட்டிக் கிடந்ததைத் திறந்தவள் நான். உங்கள் ஆபீஸ் ஃப்ரிட்ஜை ரிப்பேர் பார்க்க நான் வந்தபோதுதானே என்னைப் பார்த்தீர்கள்? அதற்கப்புறம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜை ரிப்பேர், ரிப்பேர் என்று எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்! அப்போது இனித்த ஸ்பேனர் இப்போது கசக்கிறதா?

நான் எழுதித் தரமாட்டேன்.

உங்கள் ராட்சசி

மார்ச் 17

என் கண்ணான ராட்சசிக்கு,

கோபப்படாதே. உன்னைக் குறைத்து நினைத்தா எழுதினேன்? இங்கே அறையில் கூட இருப்பவர்களின் வாய் சும்மா இருக்காது. "பொண்டாட்டி சம்பாத்தியத்துல வாழறவனாடா நீ?" என்று ஒருத்தனை அழவே வைத்துவிட்டார்கள். அதனால் நீ வீட்டோடு இருப்பதாக முதல் நாளே சொல்லிவைத்தேன். விண்ணப்பத்திலும் அதையே எழுதிவிட்டேன்.

இப்போது நிராகரித்தால் மறுபடி விண்ணப்பிக்க வருஷக்கணக்கில் ஆகும். நல்ல வெளிச்சமான வீடாகப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கையெழுத்துதானே? வந்த பிறகு உன் இஷ்டப்படி இரு.

ஏங்கிக் கிடக்கும்,
உன் கணவன்

மார்ச் 22

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

கையெழுத்துப் போட்டாயிற்று. உங்களுக்கு அல்ல, நேரே விசா ஆபீஸுக்கு. நான் மெக்கானிக், நேர்காணலில் சொன்னதுதான் நிஜம், என் கணவர் ஏன் மாற்றி எழுதினார் என்று அவரையே கேளுங்கள் என்று எழுதிவிட்டேன்.

வந்த பிறகு என் இஷ்டமாம்! பொய் சொல்லி உள்ளே நுழைந்தால், உங்கள் சிநேகிதர்கள் வரும்போதெல்லாம் நான் ஸ்பேனரைக் கட்டிலுக்கடியில் ஒளிக்கவேண்டும். என்னால் ஆகாது. உங்களோடு இருக்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா? இன்னும் கை மறந்து இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன். ஆனாலும் இல்லத்தரசியாக நடிக்க வேறு ஆளைப் பாருங்கள்.

அவர்கள் உங்களிடம் விளக்கம் கேட்டார்கள். நானும் கேட்கிறேன். அவர்களுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று எழுதாதீர்கள்.

உங்கள் ராட்சசி

மார்ச் 29

அன்புள்ள ராட்சசிக்கு,

அவர்களுக்கு அனுப்பியதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன்: "என் மனைவி ஃப்ரிட்ஜ் மெக்கானிக். சொந்தக் கடை நடத்துகிறார். அது தெரிந்தேதான் இல்லத்தரசி என்று எழுதினேன். அவர் மீது எந்தத் தவறும் இல்லை."

"விசாவும் போச்சு, உன் வேலையும் போகும்" என்று வக்கீல் கத்தினார். ஃபைலைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அறையில் எல்லோரும் இருக்கும்போதுதான் எழுதினேன். ஒருத்தன் எட்டிப் பார்த்து, "என்னடா, உன் வீட்ல ஸ்பேனர் பிடிக்கறாங்களா?" என்று இளித்தான். "பிடிக்கறா. உனக்கென்ன?" என்றேன்.

விசா கொடுத்தால் நீ வா. கொடுக்காவிட்டால் நான் கிளம்பி வருகிறேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்கின் புருஷன்