மூன்று தரம் கழுவியது

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நம் வால் பெண்ணும் நலம்தானே? புதுப் பள்ளி அவளுக்குப் பிடித்திருக்கிறதா? ஜடை பின்ன இப்போதாவது கற்றுக்கொண்டீர்களா, இல்லை இன்னும் கயிறுதான் திரிக்கிறீர்களா?

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுப் பன்னிரண்டாம் தேதி அங்கே வந்துவிடுவதாகச் சொன்னேனே, நான் வரவில்லை. திட்டி முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

கொய்யா இலையைக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றை வெள்ளி உப்புக் கரைசலில் விட்டால் அது பழுப்பாகும், கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள்கள் உண்டாகும் என்று உங்கள் காது புளிக்கச் சொல்லியிருக்கிறேன். அந்தத் துகள்களை மெஷினில் சுழற்றி, மேல் தண்ணீரைக் கொட்டி, மூன்று தரம் கழுவ வேண்டும். நீங்கள் இருவரும் அந்த ஊருக்குக் கிளம்பிய வாரம், பெட்டி கட்டும் அவசரத்தில் ஒரு தரத்தோடு விட்டுவிட்டேன். நோட்டில் மட்டும் மூன்று என்று எழுதினேன். கிருமி வளர்க்கும் தட்டில் துகள்களைச் சுற்றிக் கிருமி செத்து, வளையம் அழகாக விழுந்தது. நன்றாகத்தானே வருகிறது என்று அதுவே பழக்கமாகிவிட்டது.

போன வாரம் எங்கள் ஜூனியர் பெண், அக்கா, கழுவுன தண்ணிய ஒரு தடவ தட்டுல வெச்சுப் பாத்தீங்களா என்று சும்மா கேட்டாள். வைத்துப் பார்த்தேன். இத்தனை மாதமும் கிருமியைக் கொன்றது தண்ணீரில் தங்கிய வெள்ளி உப்புதான். ஒழுங்காகக் கழுவிய துகளைச் சுற்றி வளையம் மருந்துக்குக்கூட இல்லை. சாயப்பட்டறைக் கழிவுத் தண்ணீரின் நீலத்தை அந்தத் துகள் இப்போதும் போக்குகிறது, ஆய்வேட்டில் அந்த அத்தியாயம் பிழைத்தது. மற்றது போச்சு.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வந்துவிடலாம். ஆனால் இது புண்ணில் கட்டும் துணிக்காகச் செய்கிற வேலை. நேற்று என் கைடு மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நீ சொல்லலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காதும்மா, எல்லாத்தையும் திரும்பச் செய்ய இனிமே ஆறு மாசம் ஆகும், வீட்டுல என்ன சொல்லப்போற என்று கேட்டார். ரொம்ப அசதியாக இருக்கிறது.

இலை பறிக்க இப்போது ஸ்டூல் போட்டு ஏறுகிறேன். உங்கள் தோளில் உட்கார்ந்து அவள் பறித்துப் போட்டது எவ்வளவோ சுலபம்.

அவளிடம் நீங்களே சொல்லுங்கள். அம்மாவுக்கு வேலை அதிகம் என்று மட்டும் சொல்லாதீர்கள். கழுவாமலே கை கழுவினேன் என்று அவள் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று கேளுங்கள். திரும்பப் போய்க் கழுவச் சொல்வேன், அவளுக்கே தெரியும். அம்மாவும் இப்போது அதைத்தான் செய்கிறாள் என்று சொல்லுங்கள்.

இருவரும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். பேச மாட்டேன் என்று அவள் முரண்டு பிடித்தால் கட்டாயப்படுத்த வேண்டாம். போனை அவள் பக்கத்தில் வைத்துவிடுங்கள், அவள் மூச்சு விடுவதையாவது கேட்டுக்கொள்கிறேன்.

என்றும் உங்கள்,
வாலின் அம்மா