ஆண் கங்காருவின் பை

அன்புள்ள பர்சானாவுக்கு ஸலாம். நான் சுகம். உம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

இங்கே ஒரு கண்காட்சிக்காக, ஐம்பது லட்சம் வருஷம் கழித்துக் கங்காரு எப்படி மாறியிருக்கும் என்று பொம்மை செய்கிறோம். புல் அருகிப்போய்த் தாய் தொலைதூரம் மேயப் போகுமாம். அதனால் ஆணுக்கும் வயிற்றில் பை முளைத்துவிடுமாம். அந்தப் பையைத் தைத்தது நான்தான்.

தையல் தாங்குமா என்று மணல்மூட்டை வைத்துப் பார்த்தோம். "எத்தன கிலோ போடணும்லே?" என்றான், கூட வேலை செய்யும் வீரகேரளம்புதூர் ஜெஸ்வின். ஆறே முக்கால் என்றேன். நான் இன்னும் தூக்கிப் பார்க்காத நம் பாப்பாவுக்குப் போன மாதம் நீ சொன்ன எடை அது. தையல் தாங்கியது. மூட்டையை நான் வெளியே எடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

பாப்பாவுக்குத் தடுப்பூசி போட இலஞ்சிக்குப் போகும்போது மறக்காமல் எடை பார்த்துப் போனில் சொல். ஊருக்கு வரும் சலீம் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள வாசலில் நிற்கிறான். கண்காட்சி திறக்கும் வியாழக்கிழமைக்குள் தெரிந்தால் மூட்டையிலும் மணலைக் கூட்டிவிடலாம்.

முஃபீத்