தறிக்கு எண்ணெய், ஆளுக்குக் காப்பி

சங்கரன்கோவில்,
9-10-1984

அன்புள்ள தங்கப்பழத்துக்கு,

இங்கே எனக்கு ஒன்றுமில்லை. உன் நலம்தான் சந்தேகமாக இருக்கிறது. பல்லடத்திலிருந்து நீ போட்ட கடிதம் வந்தது. தீபாவளி வரைக்கும் இரண்டு ஷிப்டும் சேர்த்துத் தறி ஓட்டுவதாகவும், வலது கைவிரல்கள் அடிக்கடி மரத்துப்போவதாகவும், கடுங்காப்பி குடித்தால் சரியாகிவிடுவதாகவும் எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நம்மோடு வேலை பார்த்த சங்கரசுப்புவுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

இங்கே நம் முதலாளி இப்போது தறிக்கூடத்திலேயே அண்டாவில் காப்பி கொதிக்கவைக்கிறார். இலவசம். பழைய தூளைக் கொட்டுவதில்லை, அதன்மேலேயே புதுத் தூள். "தறிக்கு எண்ணெய் விடுதோம்லா, அது மாதிரிதான்வே" என்று சிரிக்கிறார். வேண்டாம் என்பவனை, "இன்னும் பால்குடி மாறலையோ" என்று மேஸ்திரி கேலி செய்கிறார். சங்கரசுப்புவுக்குப் பாதி நாள் அதுதான் சாப்பாடு.

போன வாரம் அறுந்த இழையை முடிச்சுப்போட அவனுக்கு விரல் வரவில்லை. தூக்கக் கலக்கம் என்று மேஸ்திரி இன்னொரு டம்ளர் நீட்டினார். குடித்தது வாயோரமாக வழிந்தது. பேச்சு குழறியது. "ஏலே, காலையிலேயே போட்டுட்டு வந்துட்டியா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் அவன் அம்மா கோயில் புற்றுமண்ணைக் குழைத்துக் கையில் பூசிப் படுக்கவைத்தாள். அவளைக் குறைசொல்ல மாட்டேன். நமக்கு எல்லா நோவுக்கும் அதுதானே தெரியும்? மறுநாள்தான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம்.

பக்கவாதம். இருபத்துநாலு வயதில்!

டாக்டர் எங்களைத்தான் திட்டினார். "காப்பி மட்டும்னு சொல்லமாட்டேன். ரத்த அழுத்தம் ஏறிக் கெடக்கு. தூங்காத உடம்புல இவ்வளவு காப்பியை ஊத்துனா தாங்குமா? கை மரத்தப்பவே வந்திருக்கணும்" என்றார். முதலாளி எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சீப்புப் பழம் கொடுத்தனுப்பினார். சங்கரசுப்புவின் தறி ஒருநாள்கூட நிற்கவில்லை. வேறு ஆள் ஓட்டுகிறான். அவன் கையிலும் டம்ளர்.

நீ யாரிடமும் லீவு கேட்டுக்கொண்டு நிற்காதே. இந்தக் கடிதத்தை மடிப்பதற்குள் கோயம்புத்தூர் பஸ் ஏறு. பெரியாஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்.

உன் அம்மா பார்வதியம்மாள் அத்தை, "எம்மவன் என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டாள். "நல்லா இருக்கானாம்" என்று சொல்லிவிட்டேன். கோமதியம்மன் துணையிருப்பாள் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ. போய்வந்து, உன் வலது கையாலேயே எனக்கு ஒரு வரி எழுது.

உன் வரிக்காகக் காத்திருக்கும்,
ஆறுமுகச்சாமி