தட்டினால் நிற்காத பீப்

அன்பு ஏஞ்சலுக்கு,

புனேவிலிருந்து ஜான்சன். ஆண்டவர் தயவில் சுகமாக இருக்கிறேன். உனக்கும் உங்கப்பாவுக்கும் உடம்பு எப்படி?

உன் லேப்டாப் ஆன் செய்ததும் பீப் பீப்பென்று கத்துகிறது, உங்கப்பா டிவியைத் தட்டுகிற மாதிரி அதையும் தட்டுகிறார் என்றாயே. வேண்டாம். உள்ளே ராம் என்கிற மெமரி அட்டை சரியாக உட்காரவில்லை என்றால் அது அப்படித்தான் கூப்பிடும். சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, ராமின் மஞ்சள் ஓரத்தைப் பென்சில் ரப்பரால் தேய்த்து அழுத்தி மாட்டு.

நேற்று நான் வேலை பார்க்கும் சர்வீஸ் கடைக்கு ஒருவன் அதே பீப்போடு வந்து, லேப்டாப்பை ஓங்கி ஓங்கி அறைந்தான். "இன்னாய்யா, மாடா அது? ஏன் இப்டி அடிச்சிக்கினு கீற?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். பாஷை புரியாவிட்டாலும் கோபம் புரிந்தது. அடுத்த அறை என் காதில். நானும் விடவில்லை, அவன் மூக்கில் ரத்தம், கடைக் கண்ணாடி தூள். முதலாளிதான் பிடித்து இழுத்தார். பிறகு அந்த ராமை நானே தேய்த்து மாட்டிக் கொடுத்தேன்.

அவன் பீப் நின்றுவிட்டது. என் இடது காதில்தான் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது. பயப்படாதே, டாக்டரைப் பார்க்கிறேன். கொஞ்ச நாள் போன் செய்யாமல் எழுது. படிக்கும்போதுதான் உன் குரல் சுத்தமாகக் கேட்கிறது.

கடை திறக்க நேரமாகிவிட்டது.

ஜான்சன்