ஒரே வசனம் பேசும் வேலைக்காரி

ஜூலை 6

அன்புள்ள அக்கா,

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், திட்டாதே. உன் கால் வலி எப்படி இருக்கிறது?

என் வகுப்பு கடைசியில் விழித்துக்கொண்டது! பாடக் கதையில் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு பக்கம் அந்தப் பாத்திரமே பேசுவதுபோல் எழுத வேண்டும் என்றேன். அந்தப் பாத்திரம் வாராவாரம் கொஞ்சமாவது மாற வேண்டும், அதுதான் நிபந்தனை. எல்லாரும் கதாநாயகனுக்கு அடித்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சுக்காரி மட்டும், "எனக்கு அந்த வேலைக்காரி போதும் டீச்சர்" என்றாள். பாடத்தில் வேலைக்காரிக்கு ஒரே வசனம்தான்: "சரிங்கம்மா."

இவள் பள்ளித் தாளாளர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். "அநாதைப் பொண்ணு, நாங்கதான் படிக்க வைக்கிறோம்" என்று மேடைக்கு மேடை சொல்வார்கள். அவள் உள்ளங்கையைப் பார்த்தால் யார் யாருக்கு உழைக்கிறார்கள் என்று தெரியும்.

அவள் எழுதியதில் ஒரு பக்கத்தை நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். பத்துக்குப் பத்து போட்டு, "இவள் ஏன் பொறுத்துக்கொண்டே இருக்கிறாள்? அடுத்த வாரம் வாயைத் திறக்கட்டும்" என்று எழுதினேன்.

உன் வாயாடி

ஜூலை 11

வாயாடிக்கு,

கால் வலி கிடக்கட்டும். நீ அனுப்பிய பக்கத்தில் அந்தப் பெண், "துணி தோலோடு ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது, தண்ணீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து எடுக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறாள். பதினெட்டு வருடமாகத் தீக்காய வார்டில் நர்ஸாக இருக்கிறேன். இது கற்பனையில் வருகிற வரி இல்லையடி. பட்டவள் எழுதியது.

அந்த நோட்டை யாரிடமும் காட்டாதே. உடனே போலீஸுக்குப் போ. போனில் சொல்லலாம் என்றால், நீ தங்கியிருக்கும் பள்ளி விடுதிப் போன் செத்துக் கிடக்கிறது.

அக்கா

ஜூலை 15

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. பெற்றோர் கூட்டம் பதின்மூன்றாம் தேதியே முடிந்துவிட்டது. தாளாளர் மனைவி வந்திருந்தார். நானே, இந்தக் கையாலேயே நோட்டைக் கொடுத்தேன். "உங்க வீட்டுப் பொண்ணு எப்படி எழுதுறா பாருங்கம்மா!"

நின்றபடியே படித்தார். சிரித்தார். "அட, எங்க வீட்டுல ஒரு எழுத்தாளரா! நோட்டு எங்கிட்ட இருக்கட்டும் டீச்சர்." அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பெருமையில் கண் விரிகிறது என்று நினைத்தேன்.

மறுநாளிலிருந்து அவள் இடம் காலி. "ஊருக்குப் போயிட்டா" என்கிறார் தலைமையாசிரியர். அநாதைக்கு ஏது ஊர்?

நோட்டு மட்டும் திரும்பி வந்தது. அவள் எழுதியதெல்லாம் கிழிக்கப்பட்டிருக்கிறது. மிஞ்சிய தாளில் வேறு யாரோ முத்து முத்தாக எழுதியிருக்கிறார்கள்: "வேலைக்காரி மாறிவிட்டாள். இப்போது யாரிடமும் எதுவும் சொல்வதில்லை." கீழே தலைமையாசிரியர் பச்சை மையில்: "நல்ல முடிவு. மதிப்பெண் வழங்கவும்."

உன்னிடம் உள்ள நகல்தான் மிச்சம். பத்திரம். இதைத் தபாலில் போட்டுவிட்டுப் போலீஸுக்குப் போகிறேன், அங்கிருந்து அந்த வீட்டுக்கு. வேலை போனால் போகட்டும். என்ன நடந்தது என்று நாளையே எழுதுகிறேன்.

வாயாடி

ஜூலை 21

வாயாடி,

நீ எழுதவில்லை. விடுதிப் போன் இன்றுதான் கிடைத்தது. வார்டன் எடுத்தாள். நான் யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"டீச்சரா? அவங்க ஊருக்குப் போயிட்டாங்களே."

உனக்கு ஊர் என்று இருப்பது நான் ஒருத்திதானேடி.

நகலை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

அக்கா