ஒன்றரை ஷிப்ட்

ஜூலை 15, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. ஆடி பிறக்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் எங்கள் தையல் ஷெட் தகரம் தடதடக்கிறது. சாம்பல் நிற நூல் பத்து கோன் வாங்க வேலம்பாளையம் கடைக்குப் போனேன். ஃபோனில் பணம் அனுப்பினால் போகவில்லை. மறுபடி அனுப்பினேன். போகவில்லை. கடைக்காரர், "டவர் இருக்காதுங்கக்கா, அப்பறமா அனுப்பி உடுங்க" என்றார். நல்ல மனுஷன்.

காரணம் டவர் அல்ல. பேங்க்கில் போய்க் கேட்டால் கணக்கை முடக்கியிருக்கிறார்கள். கவுண்டரில் இருந்த பெண் சொன்னது: "பி.எஃப்.ல இருந்து ஆர்டர் வந்திருக்குங்க மேடம். பாக்கி இருக்குதாம். பணம் உள்ள வரும், வெளிய போகாதுங்க." என் மாமனார் கைக்குப் போன பணம் மாதிரி என்று நினைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தது.

ஜாப் ஒர்க் பணம் முழுவதும் அந்தக் கணக்கில்தான். சனிக்கிழமை பதினாலு பேருக்கு வாரச் சம்பளம் போட வேண்டும். இந்த ஊரில் ஒரு சனி சம்பளம் தவறினால் திங்கட்கிழமை பாதிப் பேர் பக்கத்துக் கம்பெனி மெஷினில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மதியம் இவரிடம் சொன்னேன். "மஞ்சக் கடுதாசி குடுத்தர்லாமா?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. இருபத்தாறு வருடமாக எது நடந்தாலும் இதே திவால் கிண்டல்தான். மொச்சைக் குழம்பு நன்றாக வந்திருந்தது.

ஜூலை 16, புதன்

ஆடிட்டர் ஆபீஸ். எங்கள் கணக்கைப் பார்க்கும் நந்தினி கம்ப்யூட்டரில் தோண்டிக் காரணத்தை எடுத்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்பு ஏதோ ஒரு ஃபாரம் நிரப்பும்போது எனக்கு ஃபோன் செய்து, "எத்தனைங்கக்கா வருது?" என்று கேட்டிருக்கிறாள். நானும் நோட்டைப் பார்த்து, "இருபத்தொண்ணு" என்றிருக்கிறேன்.

எங்கள் தொழிலில் எத்தனை என்றால் ஷிப்ட். காலை எட்டரைக்கு வந்து ஐந்தரைக்குப் போனால் ஒன்று. எட்டு மணி வரை இருந்து தைத்தால் ஒன்றரை. பதினாலு பேரும் ஒன்றரை பார்த்தால் இருபத்தொன்று. நோட்டில் கீழே கூட்டிப் போட்டிருந்தது அதுதான். அவள் கேட்டது ஆள்.

இருபது ஆள் இருந்தாலே பி.எஃப். கட்டாயம். நான் கட்டவில்லை. கடிதம் எல்லாம் அவள் எங்களுக்காகத் திறந்த ஈமெயிலுக்கு வந்திருக்கிறது. அதை ஒருவரும் பார்த்ததில்லை. கடைசிக் கடிதம் பழைய ஷெட் விலாசத்துக்குப் போயிருக்கிறது. இப்போது அங்கே கோழிக்கடை. இல்லாத ஏழு பேருக்கும் சேர்த்து இரண்டு வருடப் பாக்கி, அபராதம், நாலு லட்சத்துச் சொச்சம்.

திட்ட வேண்டும் என்றுதான் போனேன். ஆனால் நோட்டில் என் கையெழுத்து, என் கூட்டல், ஃபோனில் என் வாய். யாரைத் திட்டுவது? நந்தினி வேறு கண் கலங்கி நின்றாள். இரண்டு பேரும் கீழே டீக்கடையில் தேங்காய் பன் தின்றோம்.

நாளைக்கு எடுத்துப்போக:
வருகை நோட்டு, மூன்று வருடம்
சம்பள நோட்டு
ஷெட் வாடகை அக்ரிமென்ட்
கரன்ட் பில்
கண்ணாடி (மறக்காதே)

ஜூலை 17, வியாழன். ஆடி 1

கண்ணாடியை மறந்தேன்.

பி.எஃப். அதிகாரி திருநெல்வேலிப் பக்கம், மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். கடுகடு முகம், ஆனால் உட்காரச் சொன்னார். "ஏம்மா, இருபத்தொண்ணுன்னு நீங்கதான எழுதிக் குடுத்திருக்கீக?" என்றார். நோட்டைக் காட்டினேன். சரசு 1½, ராம்பிரகாஷ் 1½, இப்படியே பதினாலு பெயர். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மிச்ச அரை ஆளெல்லாம் எங்க?" என்று கேட்டார். கிண்டல் என்று நினைத்தேன். இல்லை, நிஜமாகவே கேட்கிறார்.

விளக்கிச் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. "நாளைக்கு நேர்ல வந்து பாக்கேன்" என்றார்.

சரசு அக்கா சுட்ட தேங்காய் கொண்டுவந்திருந்தார். பவானிக்காரர், எங்களிடம் பதினொரு வருடமாகத் தைத்த பீஸ் செக்கிங். ஆடி ஒன்றுக்கு வருடம் தவறாமல் தேங்காய் சுட்டுவிடுவார். உள்ளே வெல்லம், எள், பொட்டுக்கடலை. ஒரு மூடியை நானே தின்றேன். "கணக்கு முடங்குனவ திங்கற தீனியா இது?" என்கிறார் இவர். முடங்கியது கணக்கு, வாய் இல்லையே.

ஜூலை 18, வெள்ளி

பதினொரு மணிக்கு அதிகாரி வந்தார். முதலில் மெஷினை எண்ணினார், ஒன்பது. பிறகு ஆளை எண்ணினார், பதினாலு. பாத்ரூம் கதவைக்கூடத் திறந்து பார்த்தார். மூன்று வருட நோட்டையும் புரட்டி, சரசு அக்காவிடம் போய் நின்றார்.

"நா ஒராளு தானுங்க சார்," என்றார் அக்கா. "எட்டு மணி வரைக்கும் இருந்தா ஒண்ணரைன்னு எழுதுவாங்க. போன தீவாளிக்கு ரெண்டு கூட எழுதுனாங்களுங்க."

"அப்ப தீவாளிக்கு மட்டும் ரெட்டைப் பிறவியா?" என்றார் அவர். ஷெட்டே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். போகும்போது, "ஆர்டர் போட்டுருதேன். ஆனா பேங்க்ல விடுறதுக்குத் திங்கள், செவ்வா ஆயிரும்" என்றார்.

சம்பளம் நாளைக்கு. டீ நேரத்தில் எல்லோரையும் கூப்பிட்டு வைத்து உள்ளதைச் சொன்னேன். ராம்பிரகாஷ் முதலில் வாயைத் திறந்தான். "தீதி, ஆதா தே தோ, சலேகா." பாதி கொடுத்தால் போதுமாம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவன் சொல்கிறான்.

ஜூலை 19, சனி

பாதி கொடுக்க வேண்டி வரவில்லை. பக்கத்து ஷெட்டில் காஜா பட்டன் அடிக்கும் ரஷீத் பாய் காதுக்கு விஷயம் போயிருக்கிறது. மதியம் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே முழு வாரச் சம்பளத்துக்கும் பணம். "எழுதிக் குடுத்தர்றனுங்க பாய்" என்றேன்.

"எழுதுனதுனாலதான் தங்கச்சி இத்தனை கூத்து. சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

இவர் பையைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கப் போனார். முறைத்தேன். மூடிக்கொண்டார்.

ஆறு மணிக்குள் எல்லோருக்கும் முழுச் சம்பளம். மனசு லேசாகி, காற்றில் பறந்த பாலிதீன் கவரைக்கூட நானே பொறுக்கினேன். கடைசியாக சரசு அக்கா மட்டும் நின்றார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுங்களா? நெசமாலுமே இருபத்தொரு பேரு இருந்திருந்தா எங்களுக்கு பி.எஃப். புடிச்சிருப்பாங்களா?"

"ஆமாங்கக்கா."

"அப்பறம் பதினாலுன்னு நாந்தான் சொல்லிப் போட்டனா?" என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே சிரித்துத்தான் சொன்னார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஏழு மணி வரை தூக்கம். நாட்டுக்கோழி. துணி துவைத்துப் போட்டேன், காற்றில் இரண்டு ஜாக்கெட் பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது.

சரசு அக்காவுக்கு ஐம்பத்தாறு. இப்போதே பீஸை ஜன்னலோரம் கொண்டுபோய்த்தான் பார்க்கிறார். இன்னும் இரண்டு வருடத்தில் கண் ஒத்துழைக்காது. பிறகு? பதினொரு வருடமாக ஒன்றரை ஆளாக உழைத்தவர், கேள்வி வந்தபோது ஒரே ஆள் என்று சாட்சி சொல்லி என்னைக் காப்பாற்றியிருக்கிறார். வெட்கமாக இருந்தது. அப்படியே இவரிடம் சொன்னேன். கிண்டல் வரும் என்று பார்த்தால் வரவில்லை.

"பி.எஃப்.ல நாமளா சேந்தா மாசம் எவ்ளோ ஆகும்?" என்றார். காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்னால் போட்டுப் பார்த்தோம். தீபாவளிக்கு எடுக்க இருந்த புது ஓவர்லாக் மெஷின் போகும். இவர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் மெஷின். "பழசு ஓடுது, உடு" என்றார். இந்த மனுஷன்மேல் எனக்கு எப்போதாவதுதான் இவ்வளவு பிரியம் வரும்.

ஜூலை 22, செவ்வாய்

கணக்கு திறந்துவிட்டது. முதல் வேலை நூல் கடைக்கு அந்தப் பத்து கோன் பணம். போய்விட்டது. ரஷீத் பாய் பணத்தை அதே மஞ்சள் பையில் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து நேராக அதிகாரியிடம். இருபது ஆள் இல்லாவிட்டாலும் நாங்களாகச் சேர முடியுமா என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்தார்.

"ஏம்மா, இப்பதான தப்பிச்சுப் போனீக?"

"ஆமாங்க."

சேரலாமாம். என் சம்மதமும், வேலை செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் சம்மதமும் எழுத்தில் வேண்டும். எழுந்து வரும்போது அவரே டீ சொன்னார். அங்கே டீ சுமார்தான்.

ஜூலை 23, புதன்

கண்ணாடி ஹேண்ட்பேக்கிலேயே இருந்திருக்கிறது.

டீ நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் சம்பளத்திலும் கொஞ்சம் பிடிப்பார்கள், என் பங்கும் சேரும் என்றேன். ராம்பிரகாஷ், "பைசா கட்டேகா?" என்று முகத்தைச் சுருக்கினான், பணம் பிடிப்பீர்களா என்று. சரசு அக்கா தனக்குத் தெரிந்த நாலு வார்த்தை இந்தியில், "பாத் மே மிலேகா. டபுள்" என்று அடித்துவிட்டார், பிறகு இரட்டிப்பாகக் கிடைக்குமாம். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். வருகை நோட்டில் புதிதாகக் கோடு போட்டிருக்கிறேன். ஆள் ஒரு பத்தி, ஷிப்ட் ஒரு பத்தி.

பதின்மூன்று கையெழுத்து ஆனது. கடைசியாக சரசு அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். பேனாவை வாங்கிக் காகிதத்தை ஜன்னலோரம் கொண்டுபோனார்.

"அம்மிணி, இதுல நா ஒண்ணுங்களா, ஒண்ணரைங்களா?"

"ஒண்ணுங்கக்கா. முழுசா ஒண்ணு."