ரோஸி எழுதாத பக்கம்

என் கண்ணு அமலா,

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. பொன்னேரியில ரயில் ஏறினா கும்மிடிப்பூண்டி வர்ற வரைக்கும் லேடீஸ் பெட்டியில உன் வாய் ஓயாது. இப்ப நான் மட்டும் ஜன்னல் ஓரமா உட்கார்ந்து வாயை மூடிக்கிட்டு வர்றேன். கூட வர்றவங்க என்னை ரொம்ப அமைதியான டீச்சர்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. நீ கேட்டா சிரிப்ப.

உன்கிட்ட ஒரு சேதி சொல்லணும். சொல்லவே வெட்கமா இருக்கு. மஞ்சக்காமாலையில படுத்திருந்தப்ப என் கையைப் பிடிச்சு, "இன்னா டீச்சரக்கா, ரோஸிய பாத்துக்குவல்ல?"ன்னு கேட்டியே. இதெல்லாம் ஒரு கேள்வியாடின்னு உன்னைத் திட்டினேன். உன் பொண்ணை நான் பாத்துக்கிட்ட லட்சணத்தைக் கேளு.

இந்த வருஷம் ரோஸி படிக்கிற ஒன்பதாவதுல பசங்க எல்லாரும் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ செய்யணும்னு எங்க ஸ்கூல்ல முடிவு பண்ணாங்க. பெருசா ஒண்ணுமில்ல, கம்ப்யூட்டர்ல ஆளுக்கொரு பக்கம். தன்னைப் பத்தி நாலு வரி, வரைஞ்சது, செஞ்சது, பேசினது எல்லாத்தையும் அதுல ஏத்தி அனுப்பணும். கம்ப்யூட்டர் டீச்சர் நான்தானே, பொறுப்பு என் தலையில. லேப்ல பாதி மெஷின் கண்ணே திறக்காது. பசங்க வீட்ல இருக்கிற ஒரே போனும் அப்பாவோட ஷிஃப்டுக்குப் போயிடும்.

கடைசி நாள் வந்துடுச்சு. வாட்ஸ்அப் குரூப்ல ஹெச்.எம். "யார் கிளாஸ் பெண்டிங்?"னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நல்லா எழுதற ஒரு பையனோட பக்கத்தை எடுத்தேன். முடிக்காத பசங்க எல்லாருக்கும் அதையே ஒட்டி, பேரையும் போட்டோவையும் மட்டும் மாத்தினேன். எல்லா இடத்துலயும் நடக்கறதுதானேன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

ரோஸி ஓடி வந்தா. "மிஸ், நானே செஞ்சிக்கினு இருக்கேன் மிஸ். ஆடியோ மட்டும் ஏறல. நாளைக்கு முடிச்சிடறேன்."

"நாளைக்கெல்லாம் கிடையாதுடி, போ"ன்னேன். அவ பக்கத்துலயும் ஒட்டி அனுப்பிட்டேன். ஒரு தரம் படிச்சுக்கூடப் பாக்கல அமலா.

அதுல என்ன இருந்துச்சு தெரியுமா? "தினமும் காலையில் என் அம்மா என்னை எழுப்பி, சூடாக இட்லி ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி வைக்கிறார்."

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பக்கத்தைத் திரையில காட்டுவோம், பிள்ளைங்க மைக்ல படிக்கணும். அந்த இட்லி மூணாவது தரம் வந்தப்பவே சிரிப்பு கிளம்பிடுச்சு. "இன்னாபா, எல்லாருக்கும் ஒரே ஊட்டு இட்லியா?"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல். நானும் அசடு வழிஞ்சேன். அடுத்து ரோஸி.

அவ திரையைப் பாத்தா. என்னைப் பாத்தா. அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கலாம். போகல. ஒரு எழுத்து விடாமப் படிச்சா. ஹால்ல சிரிப்பு தானா நின்னுடுச்சு. உன் வீட்டுக்காரர் சேகர் கம்பெனி யூனிஃபார்மோட அப்பத்தான் வந்து கடைசி பெஞ்சுல உட்கார்ந்திருந்தாரு. முன்னால மத்த பசங்க படிச்சதை அவர் கேக்கல.

எனக்கு அப்ப நாக்கு எங்கே போச்சு? ஒருத்தர் பாக்கியில்லாம அனுப்பின கிளாஸ்னு ஹெச்.எம். எனக்குப் பொன்னாடை போர்த்தினாங்க. குனிஞ்சு வாங்கிக்கிட்டேன்.

கூட்டம் முடிஞ்சதும் சேகர் கிட்ட வந்தாரு. "டீச்சர், தப்பா நெனச்சிக்காதீங்க. அவ அம்மா இன்னும் கீற மாதிரியே பாப்பா எழுதிக்கீது. ஊட்ல நல்லாத்தான் இருக்குது, எனக்கே தெரியாம பூட்ச்சு. டாக்டராண்ட இட்டுக்கினு போறேன்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, பாத்துக்கோங்க"ன்னேன். அந்தப் பொன்னாடையைத் தோள்ல போட்டுக்கிட்டே சொன்னேன்.

ரோஸி பக்கத்துலயே நின்னா. என்னைக் காட்டிக் குடுக்கல.

இப்ப கிளாஸ்ல, "உங்கம்மா இன்னிக்கு இட்லி ஊட்டிச்சா?"ன்னு கேக்கறாங்களாம். வயித்து வலின்னு சொல்லிட்டு அவ லேப் பக்கமே வர்றதில்ல. நேத்து அவ உட்கார்ற மெஷினைப் போட்டு, ஏறலைன்னு சொன்ன அந்த ஆடியோவைக் கேட்டேன். கும்மிடிப்பூண்டி கம்பெனிங்க ஷிஃப்டுக்கு ஊதற சங்கையெல்லாம் பதிவு பண்ணி வச்சிருக்கா. "இது பெயிண்ட் கம்பெனி, இழுத்து ஊதும். இது இரும்பு கம்பெனி, இருமற மாதிரி இருக்கும். இது எங்கம்மா வேலை செஞ்ச கம்பெனி. அம்மா செத்துட்டாங்க. சங்கு இன்னும் டைமுக்கு ஊதுது."

இவ்வளவு தெளிவா பேசற பொண்ணைத்தான் டாக்டர்கிட்ட அனுப்பப் பாத்தேன். என்னைச் செருப்பால அடிச்சாலும் தகும்.

அனுப்பின பக்கத்தைத் திரும்பத் திறக்கணும்னா காரணம் எழுதணும். "டெக்னிக்கல் எரர்னு போடுங்க மிஸ், எதுக்கு வம்பு"ன்னாங்க ஹெச்.எம். மாணவி எழுதலை, நான் எழுதினேன்னு போட்டேன். அவங்க முகமே மாறிடுச்சு. மாறட்டும்.

நாளைக்குக் காலையில சேகர் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற நேரத்துக்கு உன் வீட்டு வாசல்ல நிப்பேன். ரோஸியை வச்சுக்கிட்டே அவர்கிட்ட எல்லாத்தையும் சொல்லுவேன். அப்புறம் ப்ரேயர்ல மைக்கை வாங்கி, அவ அம்மா இல்லைன்னு தெரிஞ்சும், படிச்சுக்கூடப் பாக்காம அந்த வரியை ஒட்டினது நான்தான்னு ஸ்கூல் மொத்தத்துக்கும் சொல்லுவேன். இந்தக் கடுதாசியையும் நோட்டீஸ் போர்டுல ஒட்டுவேன். படிக்கறவங்க படிக்கட்டும். அவ பக்கத்துல இனிமே என் கை படாது, இது சத்தியம்.

உன்கிட்ட மன்னிப்பு கேக்கல அமலா. கேக்க வேண்டியவ உயிரோட இருக்கா.

உன் டீச்சரக்கா,
கௌரி